புயல் அடித்த தீவுக்கு டைவிங் போகலாமா?

நண்பர்கள் நான்கு பேர், எல்லோரிடமும் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் இருக்கிறது, ரொம்ப நாளாகக் காசு சேர்த்துத் திட்டமிட்ட ஸ்கூபா பயணம். போக நினைத்த தீவை எட்டு மாதத்துக்கு முன் ஒரு பெரும் புயல் புரட்டிப் போட்டுவிட்டது. அங்குள்ள டைவ் சென்டர் “திறந்துவிட்டோம், வாருங்கள்” என்கிறது. வீட்டிலோ, ஊரே இடிந்து கிடக்கும்போது உங்களுக்கு உல்லாசப் பயணம் கேட்கிறதா என்கிறார்கள். பவளப்பாறை மிச்சம் இருக்குமா, பாதுகாப்பாக இருக்குமா, போவது முறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் முடிவெடுக்கும் முன் பார்க்கவேண்டியது பவளப்பாறையை இல்லை. உங்களில் ஒருவருக்குத் தண்ணீருக்கடியில் ஏதாவது ஆகிவிட்டால் படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, கரையில் யார் பார்ப்பார்கள், அந்தத் தீவிலிருந்து எப்படி, எவ்வளவு நேரத்தில் வெளியே கொண்டுபோவார்கள்? இந்த ஏற்பாடு மறுபடி எழுந்து நிற்காத தீவுக்கு, கடலடி எவ்வளவு அழகாக இருந்தாலும் போகக்கூடாது. அது சரியாக இருந்தால், பாறை பாதி உடைந்து கிடந்தாலும் தாராளமாகப் போகலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், விசாரிக்கிறவர்கள் எல்லோரும் மீன் இருக்கிறதா, ஆமை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஆக்சிஜனைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

நீங்களும் அதிகம் கவலைப்பட்டிருப்பது பாறையைப் பற்றித்தான் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

புயல் ஒரு தீவின் பாறை முழுவதையும் ஒரே மாதிரி அழிப்பதில்லை. அலை நேராக வந்து மோதும் பக்கம் சூறையாடப்பட்டிருக்கும். மறுபக்கத்தில், படகில் அரை மணி நேரத் தொலைவிலேயே, ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆழமும் ஒரு கணக்கு. 5 மீட்டரில் இருக்கும் மான்கொம்புப் பவளம் நொறுங்கிப் போயிருக்க, அதே இடத்தில் 20 மீட்டரில் இருப்பது பெரும்பாலும் தப்பித்திருக்கும். கிளை கிளையாகவும் தட்டுத் தட்டாகவும் வளரும் பவளங்கள்தான் முதலில் உடையும். பாறாங்கல் போலத் திரண்டு நிற்கும் போரைட்டீஸ் வகைகள் அடி வாங்கினாலும் நிற்கும். கடல் விசிறிகளும் கடற்பஞ்சுகளும் வேரோடு பிடுங்கப்பட்டுப் போயிருக்கலாம். ஆகவே “பாறை எப்படி இருக்கிறது” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த இடத்தில், எந்தப் பக்கம், எத்தனை மீட்டரில் என்று கேளுங்கள். நல்ல கைடு ஒருவர் இடம் இடமாகப் பிரித்துச் சொல்வார். “எல்லாம் பழையபடி சூப்பராக இருக்கிறது” என்று சொல்பவரைவிட, “கிழக்குப் பக்கம் போய்விட்டது, அங்கே கூட்டிப்போக மாட்டோம்; மேற்கில் இரண்டு இடம் நன்றாக இருக்கிறது” என்று சொல்பவரை நான் நம்புவேன்.

உடைந்ததெல்லாம் செத்துப்போனது என்றும் அர்த்தம் இல்லை. மான்கொம்புப் பவளத்தின் ஒடிந்த கிளை, அசையாமல் ஒரு இடத்தில் கிடக்கக் கொடுத்துவைத்தால், அங்கேயே ஒட்டிக்கொண்டு புதுப் பவளமாக வளரும். கிளை வகைகள் வருடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வரைகூட வளரக்கூடியவை. திரண்ட வகைகள் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. எனவே சில வருடங்களில் பாறை பச்சையும் பழுப்புமாக நிறைந்திருப்பதாகத் தெரிந்தாலும், பழைய பெரிய பவளங்கள் திரும்பி வருவதற்கு நம் ஆயுள் போதாது.

எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்கு இரண்டு எதிரெதிர் உதாரணங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் இருக்கும் குனுங் அப்பி எரிமலை 1988 மே மாதம் வெடித்து, எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடியது. அது பாய்ந்த இடத்தில் இருந்த பாறை முழுதாகப் புதைந்துபோனது. ஐந்தே வருடத்தில் இறுகிய அந்த எரிமலைக் கல்லின் மேல் 60 சதவீதத்துக்கும் அதிகமான பரப்பில், 124 இனப் பவளங்கள் வளர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இன்று அந்த இடத்தைப் பார்ப்பதற்கென்றே டைவர்கள் போகிறார்கள். அடுத்தது ஜமைக்கா. 1980 ஆகஸ்டில் ஆலன் சூறாவளி அதன் வடக்குக் கரைப் பாறைகளைத் துவைத்தெடுத்தது. முதல் சில வருடம் இளம் பவளங்கள் முளைக்கத்தான் செய்தன. ஆனால் பாசி மேயும் மீன்களை அதற்கு வெகுகாலம் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசியை மேய மிச்சமிருந்த முக்கியமான உயிர், நீண்ட கரு முட்கள் கொண்ட கடல் முள்ளெலி. 1983-84இல் ஒரு நோய் வந்து கரீபியன் முழுக்க அதையும் கொன்றது. பாசி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. 1970களின் கடைசியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போயிற்று.

பாண்டாவில் அக்கம்பக்கத்துப் பாறைகள் நலமாக இருந்து குஞ்சுப் பவளங்களை அனுப்பின. தண்ணீரும் தெளிவாக இருந்தது. ஜமைக்காவில் தின்று சுத்தம் செய்ய ஆள் இல்லை. அதனால் நீங்கள் இறங்கும்போது பவளத்தை மட்டும் பார்க்காமல் பாசி மேயும் கிளிமீன்களைப் பாருங்கள். பெரிய கிளிமீன்கள் கூட்டமாக வந்து, பாறையை ‘கரக் கரக்’ என்று சுரண்டித் தின்னும் சத்தம் தண்ணீருக்கடியில் தெளிவாகவே கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும் இடம், இப்போது பார்க்க எப்படி இருந்தாலும், பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் கிட்டப் போய்ப் பாருங்கள். புயலில் உடைந்த கிளைகள் சரிவில் குவிந்து கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் குப்பைமேடு. அங்கே கையால் எதையும் தொடாமல், மணலைக் கிளப்பாமல், ஒரு மீட்டர் மேலே மிதந்தபடி ஒரே இடத்தை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால், துண்டுகளின் மேல் இளஞ்சிவப்பில் ஒரு மெல்லிய பூச்சு தெரியும். அது சுண்ணாம்புப் பாசி. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதும், நீந்தி வரும் குஞ்சுப் பவளத்துக்கு இறங்க இடம் கொடுப்பதும் அதுதான். அந்தப் பூச்சின் மேல் சட்டைப் பொத்தான் அளவில், விளிம்பு மட்டும் வெளிறி, நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் இருந்தால், அதுதான் புதுப் பவளம். புயலுக்குப் பிறகு அங்கே குடிவந்தது. பூச்சே இல்லாமல் துண்டுகள் அலையோடு உருண்டுகொண்டே இருந்தால் நிலைமை மோசம். உருளும் கல்லில் எதுவும் பிடிக்காது, பிடித்ததையும் அது அரைத்துவிடும். இப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு, மீண்டு வரும் பாறையில் ஒரு டைவ் அத்தனை சுவாரசியமானது. முழுசாக இருக்கும் பாறையில் இது கிடைக்காது.

பூகம்பமும் சுனாமியும் வேறு கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துப் பாறைகளைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஆச்சரியம். கரையில் அவ்வளவு பேரழிவு நடந்தும், கடலடியில் சேதம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதைவிடப் பெரிய காயம், அதற்கு முன்னால் பல வருடம் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடித்ததால் வந்தது. ஆச்சேயின் தலைநகருக்கு எதிரே இருக்கும் வே தீவுக்கு இன்றும் டைவர்கள் போகிறார்கள் என்றால் அதுதான் காரணம். தாய்லாந்தின் ஃபீ ஃபீ தீவிலோ, இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருந்த ஒடுங்கிய மணல்திட்டில்தான் ஊரே இருந்தது. அலை இரண்டு பக்கமிருந்தும் ஏறி வந்தது. அங்கே கடலுக்குள் போனது வீடுகளும் கடைகளும். தகரம், கட்டில், கம்பி என்று விரிகுடாவின் அடியில் கிடந்ததைத் தன்னார்வ டைவர்கள் பல மாதம் இறங்கி இறங்கி எடுத்தார்கள்.

இந்தக் குப்பை விஷயம் உங்களுக்கும் வரும். புயல் அடித்த தீவில் பழைய வரைபடத்தை நம்பி இறங்காதீர்கள். அறுந்த மீன்வலை, நங்கூரக் கயிறு, மின்கம்பி, கூரைத் தகடு எல்லாம் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். ஒரு கயிறு வெட்டும் கத்தி கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூழ்கிய கப்பல்களுக்குள் நுழைவது இந்தப் பயணத்தில் வேண்டவே வேண்டாம். ஃபுளோரிடாவின் கீ லார்கோவுக்கு அருகே 2002இல் மூழ்கடிக்கப்பட்ட ஸ்பீகல் குரோவ் என்ற 155 மீட்டர் நீளக் கப்பல் மூன்று வருடமாக ஒரு பக்கம் சாய்ந்தே கிடந்தது. 2005 ஜூலையில் டென்னிஸ் சூறாவளி கடந்துபோன பிறகு போய்ப் பார்த்தால், கப்பல் நேராக நிமிர்ந்து நிற்கிறது. அவ்வளவு பெரிய இரும்பையே நிமிர்த்தி வைக்கும் கடல், உள்ளே ஒரு கதவையோ சுவரையோ எப்படி விட்டுவைத்திருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அப்புறம், நான் முதலில் சொன்ன அவசர ஏற்பாடு. இங்கேதான் நிதானமாக விசாரிக்கவேண்டும்.

முதலில் நீங்கள் சுவாசிக்கப்போகும் காற்று. புயலுக்குப் பிறகு மின்சாரம் விட்டு விட்டு வரும், அல்லது வரவே வராது. டைவ் சென்டர் ஜெனரேட்டரில் ஓடும். சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர், காற்றை ஒரு குழாய் வழியாக வெளியிலிருந்து இழுக்கிறது. அந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். முன்பு கட்டடத்தின் கூரைக்கு மேலே இருந்த குழாயைப் புயல் கொண்டுபோயிருக்கும். அவசரத்துக்கு ஜன்னலோரம் நீட்டிவிட்டிருப்பார்கள். அதே ஜன்னலுக்குக் கீழே புது ஜெனரேட்டர் நின்றால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வல்லமை கொண்டது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால், கரையில் தலைவலியோடு போயிருக்கக்கூடிய அளவு அங்கே மயக்கமாக மாறும். சிலிண்டர் காற்றைச் சோதிக்கும் கார்பன் மோனாக்ஸைடு மீட்டர் கையடக்கமாகவே கிடைக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், ஒவ்வொரு சிலிண்டரையும் சோதியுங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் மீட்டரெல்லாம் தேவையில்லை, அந்த சிலிண்டரை வைத்துவிடுங்கள். கம்ப்ரஸரின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். வெப்பமும் ஈரமும் உள்ள தீவுகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், பேரிடருக்குப் பிறகு மாற்று வடிகட்டி வந்து சேர்வதும் தாமதமாகும். பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் நல்ல டைவ் சென்டர் கோபித்துக்கொள்ளாது, சந்தோஷமாக எடுத்துக் காட்டும்.

கடல்நீர் ஏறி மூழ்கிப்போன சிலிண்டர்களும் அங்கே இருக்கலாம். வால்வு திறந்திருந்து உள்ளே உப்புநீர் போயிருந்தால் துருப்பிடிக்கும். எஃகு சிலிண்டரில் துரு ஏறும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனையே அது தின்றுவிடும். புயலுக்குப் பிறகு எல்லா சிலிண்டரையும் திறந்து உள்ளே பார்த்துச் சோதித்தீர்களா என்பது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரும் முடிந்தால் உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

அடுத்து ஆக்சிஜன். ஆழத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழியாகி உண்டாக்கும் டீகம்ப்ரஷன் நோய் பற்றிப் பயிற்சியில் படித்திருப்பீர்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத பெரும் களைப்பு, தோலில் திட்டுத் திட்டான தடிப்பு. முதலுதவி, கலப்படமில்லாத ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று கொடுத்தால், 400 லிட்டர் கொள்ளும் ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் அரை மணி நேரம்கூட வராது. அருகில் உள்ள ரீகம்ப்ரஷன் சேம்பருக்கு (அழுத்தத்தைக் கூட்டி அந்தக் குமிழிகளைக் கரைக்கும் அறை) படகில் போக மூன்று மணி நேரம் என்றால், அந்த மூன்று மணி நேரத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும். பேரிடரின்போது தீவில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாம் மருத்துவமனைக்குப் போய்விடும், போகவும் வேண்டும். திரும்ப நிரப்பி வைத்திருக்கிறார்களா?

சேம்பரைப் பற்றிக் கேட்கும்போது “இருக்கிறதா” என்று கேட்காதீர்கள். “போன மாதம் இயங்கியதா, ஆள் இருக்கிறாரா” என்று கேளுங்கள். சேம்பர் என்பது ஒரு பெரிய இரும்பு உருளை மட்டும் இல்லை. அதற்குத் தடையில்லாத மின்சாரம், ஆக்சிஜன் இருப்பு, பயிற்சி பெற்ற மருத்துவர் எல்லாம் வேண்டும். கட்டடம் தப்பித்திருக்கும், ஆபரேட்டர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருப்பார். அப்படியானால் அடுத்த சேம்பர் எந்தத் தீவில், எந்த நாட்டில், அங்கே போக விமானமா படகா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் டைவிங் சேராது. சேம்பர் சிகிச்சையையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய டைவ் காப்பீடு தனியாக எடுங்கள். உங்கள் அரசு அந்த இடத்துக்குப் போகவேண்டாம் என்று அறிவித்திருந்தால் காப்பீடு செல்லுபடியாகாமல் போகலாம், அந்த விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த ஏற்பாடு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, ஆனால் அடியோடு இல்லாமல் இல்லை என்றால், டைவை எளிதாக்கிக்கொள்வதுதான் வழி. உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர் எல்லை. நீங்கள் 12, 15 மீட்டரிலேயே நின்றுகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டைவ் போதும். ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை ஒருநாளும் விடாதீர்கள். நீரோட்டம் பலமாக இருக்கும் இடங்களை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவை எங்கும் போய்விடாது.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாகச் சில. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு போங்கள், துருப்பிடித்த தகரம் எல்லா இடத்திலும் இருக்கும். வெள்ளம் வடிந்த சேற்றிலும் ஓடைகளிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், வெறுங்காலோடு இறங்கவேண்டாம். தேங்கிய தண்ணீரால் டெங்குக் கொசு பெருகியிருக்கும். ஆற்று முகத்துக்குப் பக்கத்தில், அதுவும் மழை பெய்த மறுநாள், டைவ் வேண்டாம். கழிவுநீர்க் குழாய்கள் சரிசெய்யப்படாத ஊரில் காதில் சீழ் பிடிப்பது சகஜம். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் காதைக் கழுவித் துடையுங்கள்.

பூகம்பம் நடந்த தீவாக இருந்தால் காலக்கணக்கு வேறு. 2018இல் இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் ஜூலை 29 அன்று 6.4 அளவில் ஒன்று, ஆகஸ்ட் 5 அன்று 6.9 அளவில் பெரியது, ஆகஸ்ட் 19 அன்று மறுபடி 6.9. பக்கத்தில் இருக்கும் கிலித் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகளைப் படகு படகாக வெளியேற்றினார்கள். முதல் அதிர்ச்சி முடிந்துவிட்டது என்று நம்பி யாராவது உடனே போயிருந்தால் மூன்றாவதில் மாட்டியிருப்பார். அப்படியொரு தீவில் தண்ணீருக்கடியில் இருக்கும்போது பெரிய உறுமல் கேட்டால் பதறவேண்டாம். எல்லோரும் ஒன்றுசேர்ந்து, வழக்கமான வேகத்தில் ஏறிப் படகுக்கு வாருங்கள். படகு கரைக்கு ஓடக்கூடாது, ஆழமான கடலில் நிற்கவேண்டும். சுனாமி அலை உயர்வது கரையை நெருங்கும்போதுதான். இதைப் படகோட்டியிடம் முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டில் கேட்ட கேள்வி. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, நியாயமான கேள்விதான்.

முதல் வாரங்களிலோ முதல் இரண்டு மூன்று மாதங்களிலோ போவது தவறு என்று நானும் சொல்வேன். அப்போது தீவில் இருக்கும் ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு குடம் தண்ணீரும், ஒவ்வொரு படகு இருக்கையும் அங்குள்ளவர்களுக்கும் நிவாரணத்துக்கு வந்தவர்களுக்கும் தேவை. நீங்கள் போய் நின்றால் கூடுதல் வாய் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு காலம் வருகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிவாரணக் கப்பல்கள் போய்விடும், கேமராக்கள் போய்விடும், கூரை பாதி போட்டிருக்கும், சம்பளம் மட்டும் வராது. அந்தக் காலத்தில்தான் விருந்தாளி வேண்டும்.

கரீபியன் தீவு நாடான டொமினிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பர் 18 அன்று மரியா சூறாவளி ஐந்தாம் வகைப் புயலாக அந்தச் சின்ன நாட்டை அடித்தது. மக்கள்தொகையே 70 ஆயிரத்துச் சொச்சம். சேதமும் இழப்பும் சுமார் 130 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள், அதாவது அதற்கு முந்தைய வருடத்து மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல 226 சதவீதம். ஒரு நாடு இரண்டே கால் வருடம் உழைத்துச் சம்பாதிப்பது ஒரு ராத்திரியில் போயிற்று. மலைகள் சரிந்து மண்ணும் மரமும் ஆற்றோடு கடலுக்கு வந்தன. ஆனால் ஷாம்பெயின் ரீஃப் என்ற இடத்தில் எரிமலை வாயு குமிழி குமிழியாகக் கடலடியிலிருந்து வருவதை எந்தப் புயலும் நிறுத்த முடியாது. ஸ்காட்ஸ் ஹெட் பக்கம் கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர்கள் அங்கேயேதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் டைவிங் திரும்பவும் தொடங்குவது என்றால் படகோட்டி, கைடு, சமையல்காரர், வண்டி ஓட்டுபவர் எல்லோருக்கும் மறுபடி வாரக்கூலி வருகிறது என்று அர்த்தம்.

பிலிப்பைன்ஸின் மலாபாஸ்குவா தீவும் அப்படித்தான். செபுவின் வடமுனைக்கு அப்பால், நீளம் இரண்டரை கிலோமீட்டர்தான் இருக்கும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் அடித்தபோது கூரை தப்பிய வீடுகள் மிகச் சில. அந்த நாட்டில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த புயல் அது. அப்போது மலாபாஸ்குவாவின் பிழைப்பே மோனாட் ஷோல் என்ற கடலடி மேட்டை நம்பித்தான் இருந்தது. தன் உடம்பளவு நீளமான வால் கொண்ட திரெஷர் சுறாக்கள் விடியற்காலையில் ஆழத்திலிருந்து அந்த மேட்டுக்கு ஏறி வந்தன, சின்ன மீன்களிடம் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள. மேடு ஆழத்தில் இருப்பதால் புயலுக்குப் பிறகும் சுறாக்கள் வந்துகொண்டிருந்தன. கரையில் வீடு கட்டக் காசு தேவைப்பட்டவர்களுக்கு, கடலுக்குள் இருந்த சம்பாத்தியம் கைவிடவில்லை. வந்து பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் காசு யார் கைக்குப் போகிறது என்று பார்த்துச் செலவழியுங்கள். வெளிநாட்டிலிருந்தே எல்லாவற்றையும் முன்கூட்டிக் கட்டிவிட்டு, ரிசார்ட்டுக்குள்ளேயே தின்று தூங்கித் திரும்பினால் தீவுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்குங்கள், தெருவில் இருக்கும் கடையில் சாப்பிடுங்கள். தள்ளுபடி கேட்டுப் பேரம் பேசாதீர்கள். அவர்களே குறைத்துக் கொடுத்திருந்தால், மிச்சமான காசைப் படகில் வேலை செய்பவர்களுக்கு நேராகக் கொடுத்துவிடுங்கள். துணிமணி மூட்டை கட்டிப்போவது பெரும்பாலும் வேண்டாத சுமை. முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்வதை எடுத்துப்போவது நல்லது. ரெகுலேட்டருக்கான ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், முகமூடிப் பட்டை, வடிகட்டிக் குழல் போன்ற சின்னப் பொருட்களுக்காக டைவ் சென்டர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதுண்டு.

“பவளம் நடுங்கள், பாறையைக் காப்பாற்றுங்கள்” என்று அரை நாள் நிகழ்ச்சி ஏதாவது விற்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். கிலித் தீவுகளில் இரும்புச் சட்டங்களில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பவளம் வளர்ப்பதும், இந்தோனேசியாவின் சுலவேசியில் பாடி தீவுக்கு அருகே மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களில் துண்டுகளைக் கட்டி வளர்ப்பதும் வருடக்கணக்கில் ஆட்கள் இறங்கிப் பராமரிக்கும் வேலைகள். நட்டதை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கீழே இறங்கி இடிக்காமல் ஒரே ஆழத்தில் மிதக்கும் உங்கள் மிதவைக் கட்டுப்பாட்டைச் சரியாக வைத்துக்கொள்வதே அந்தப் பாறைக்குப் பெரிய உதவி. காலில் மாட்டியிருக்கும் துடுப்பு ஒருமுறை தவறிப் பட்டால், பொத்தான் அளவுப் பவளம் பத்து போய்விடும். ரொம்ப நாளாக டைவ் செய்யாதவர்கள் முதல் நாள் மணற்பரப்பில் ஒரு பயிற்சி டைவ் போட்டுவிட்டுப் பாறைக்குப் போங்கள்.

ஊருக்குள் இடிந்த வீடுகளைப் படம் எடுக்கவேண்டாம். “புயலன்று என்ன ஆச்சு?” என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். படகில் இரண்டு டைவுக்கு நடுவே காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அவர்களே சொல்வார்கள். சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். யாரை இழந்தார்கள் என்று தெரியாமல், “கடல் எவ்வளவு அழகு பாருங்கள்” என்று அவர்களிடம் வியக்காமல் இருப்பது நல்லது.

தேதி போடும்போது அடுத்த புயல் காலத்தைப் பாருங்கள். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. பிலிப்பைன்ஸில் வருடம் முழுக்க வாய்ப்பு உண்டு, மழைக்காலத்தில் அதிகம். தார்ப்பாய்க் கூரையோடு இருக்கும் தீவுக்குச் சின்னப் புயலே பெரிய புயல்தான். திரும்பும் நாளில் இடைவெளி தாராளமாக விடுங்கள். தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர், டீகம்ப்ரஷன் நோய் வராமலிருக்க, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடவேண்டும். நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். பேரிடருக்குப் பிந்தைய தீவில் படகு சொன்ன நேரத்துக்கு வராது, சில சமயம் நாளைய விமானத்தை ரத்து செய்து இன்றைக்கே ஏறச் சொல்வார்கள். காலையில் டைவ் போட்டுவிட்டு மாலையில் அப்படி ஏறுகிற நிலைமையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. உயரமான மலைப்பாதையில் கார் ஏறுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எட்டு மாதம் என்பது நல்ல கால இடைவெளி. இன்றே டைவ் சென்டருக்கு எழுதுங்கள்: காற்று, சிலிண்டர் சோதனை, ஆக்சிஜன் இருப்பு, சேம்பர், வெளியேற்ற வழி. இந்த ஐந்துக்கும் நேரான பதில் வந்தால் டிக்கெட் எடுங்கள். ஒன்றுக்குச் சமாளிப்புப் பதில் வந்தால் அதே தீவில் வேறொரு டைவ் சென்டரைக் கேளுங்கள். அங்கிருந்தும் அதே சமாளிப்பு என்றால், போய் நீந்துங்கள், தங்குங்கள், சாப்பிடுங்கள், முகமூடி போட்டு மேலிருந்தே பாறையைப் பாருங்கள். சிலிண்டர் கட்டுவதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.